இந்தப் பிரதி யாருக்கு உரியது

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்று மனித குலத்தில் கணிசமானோர் நம்புகிறார்கள். முழுப் பொறுப்புணர்வோடு மறுக்கிறேன். வரும். அறைக்குள் பேசும்போது எழும் எதிரொலியை அட்டை கொஞ்சம் உடைக்கும், அதுவும் மேல்ஸ்தாயியில் மட்டும். தெருவில் போகிற லாரியின் ஹாரனையோ கீழ்வீட்டு மிக்ஸியையோ அது தடுக்காது. தடுப்பதாக அட்டை எந்தக் காலத்திலும் வாக்குக் கொடுத்ததில்லை. முன்னூற்று நாற்பது அட்டைகளுக்கு நடுவே பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவன் என்ற தகுதியில் சொல்கிறேன். நாமக்கல்லில் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஒரே நாளில் முன்னூற்று நாற்பது வேண்டும் என்றால் மண்டியில் ஆள் தெரிந்திருக்க வேண்டும். அப்போது இந்த ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் என் கூட்டாளியாக இருந்த அங்கமுத்துவின் அப்பாவுக்கு மண்டியே இருந்தது. ஒரு சித்திரை மாதம், மேல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மைதாப் பசை காய்ச்சி நானும் அவனும் ஒட்டினோம். பசையைத் தின்ன கரப்பான் வந்தது, கரப்பானைத் தின்ன பல்லி வந்தது, அந்த வருடம் முழுவதும் எங்கள் பக்திப் பாடல்களில் பல்லி சகுனம் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கமுத்துவை நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் முட்டை அட்டையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். அது நேராக அவனிடமே கொண்டுபோய் விட்டுவிட்டது. கணினித் திரையில் புதுப்பிப்புப் பட்டை நாற்பத்தொரு சதவீதத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து ஐம்பது.

பட்டை நகர்கிறதா என்று பார்க்கக் கூடாது. பார்த்தால் நகராது. காலை ஏழு மணிக்கு மின்னஞ்சல் வந்தது: அன்பும் விசுவாசமும் மிக்க வாடிக்கையாளரே. இப்படி யாராவது ஆரம்பித்தாலே அடுத்த வரியில் ஏதோ பறிபோகிறது என்று பொருள். கம்பெனி கைமாறிவிட்டதாம். புதிய முதலாளிகளுக்கு இசை மேல் அளவற்ற அன்பாம். ஆகவே இன்று முதல் இந்த ஒலிப்பதிவு மென்பொருள் உலகிலுள்ள எல்லோருக்கும் இலவசமாம். ஒன்பது வருடம் முன்பு, என் மனைவி கோகிலாவுக்கு மொபெட் வாங்க வைத்திருந்த பணத்தை அப்படியே கொடுத்து நான் வாங்கிய மென்பொருள். அவள் இன்றும் பேருந்தில்தான் போகிறாள். இத்தனை நாள் உடன் நின்றதற்கு நன்றியாக, கம்பெனியின் இணைய அரங்கில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தங்க நட்சத்திரம் போடுவார்களாம். ஒன்றாம் வகுப்பில் கையெழுத்துக்குப் போடுவார்களே, அது. எங்கள் வாட்ஸாப் குழு கொதிக்கிறது. உரிமம் பெற்றோர் குழு என்று பெயர், நான் வைத்ததுதான். மொத்தம் அறுபத்து மூன்று பேர். பணம் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் உள்ளே சேர்ப்பேன். காரைக்குடிச் சேவுகன் தன் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்புக் கட்டம் வைத்திருக்கிறார். திண்டுக்கல் ஜெரால்டு, “அட்மின் அண்ணே, இனிமே நம்ம குழுவுல சேர தகுதி என்ன? மூச்சு விட்டாப் போதுமா?” என்று கேட்டுவிட்டு அழுகிற முகம் ஒன்றும் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருக்கிறார். இன்னொருவர், நட்சத்திரம் எல்லோருக்கும் ஒரே அளவா, வருடத்துக்குத் தக்கபடி பெரிதாகுமா என்று விசாரிக்கிறார். அவர் விளையாடவில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. குழுவின் உச்சியில் நான் குத்தி வைத்திருக்கும் அறிவிப்பு அப்படியே இருக்கிறது: ஒரு வேலை கையில் இருக்கும்போது மென்பொருளைப் புதுப்பிக்கிறவர் ஓடுகிற லாரிக்கு டயர் மாற்றுகிறவர். எழுதியவன் நான். ஐம்பத்தெட்டு பேர் கைதட்டியிருக்கிறார்கள். கையில் ஒரு வேலை இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய வேலை. நான் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் அழுத்தினேன். காரணம் இருக்கிறது, வெளியே சொல்லும்படியான காரணம் இல்லை. பழைய பதிப்பைத் திறந்தால் முதலில் நீல நிறத்தில் ஒரு படம் வரும், அதன் அடியில் பொடி எழுத்தில் இந்தப் பிரதி திருமூர்த்திக்கு உரியது என்று வரும். மூன்று விநாடி. ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் மூன்று விநாடி. வேறு எதிலும் என் பெயர் அப்படி வந்ததில்லை. வீடு அப்பா பெயரில், கேஸ் இணைப்பு கோகிலா பெயரில், ஸ்டுடியோ அனுமார் பெயரில். புதிய பதிப்பிலும் அந்த வரி இருக்குமா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. நாளைக்குப் பார்த்தால் என்ன என்று ஒரு மனம் சொன்னது. விரல் அழுத்திவிட்டது. ஐம்பத்திரண்டு சதவீதம். மூன்றாம் வருடம் ஆஞ்சநேயர் கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிப் போனேன், தனி வரிசை, கம்பித் தடுப்பு, ஒரு பெருமிதம். கடைசி வளைவில் தடுப்பு முடிகிறது. அங்கே இலவச வரிசையும் சீட்டு வரிசையும் ஒன்றாகக் கலக்கின்றன. எனக்குப் பக்கத்தில் ஈரத் துண்டோடு ஒருவர் நின்று அதே பதினெட்டு அடி ஆஞ்சநேயரை அதே கோணத்தில் நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சீட்டைக் கையில் இறுக்கிக்கொண்டேன். அவர் ஏன் சிரித்தார். சாமியைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும். இன்று காலை வந்த அங்கமுத்துவின் செய்தியும் அப்படி இருக்கலாம். இல்லை, அவன் சாமியைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் இல்லை.

எட்டே காலுக்கு வந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு அவனிடமிருந்து முதல் செய்தி. “மூர்த்தி, இப்ப நான் யாரு?” அவ்வளவுதான். வணக்கம் இல்லை, நட்சத்திரம் இல்லை, சிரிக்கிற முகம் இல்லை. சிரிக்கிற முகம் இருந்திருந்தால் வம்பு என்று தள்ளியிருக்கலாம். பதிலாக நான் எதுவும் எழுதவில்லை, ஆனால் படித்துவிட்டேன் என்று அவனுக்கு நீலக் குறி காட்டியிருக்கும். எந்த விசுவாசமிக்க வாடிக்கையாளரைக் கேட்டு அந்த நீலக் குறியை வைத்தார்கள். இதே அறை, இதே சுவர். நான் உரிமம் வாங்கினேன், அந்தப் பத்திரத்தை அச்செடுத்தேன், தேக்குச் சட்டம் போட்டு, ஆஞ்சநேயர் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒரு உரிமம் ஒரு கணினிக்குத்தான். அவன் கணினியில் பூட்டுடைத்த திருட்டுப் பிரதி ஓடியது. “அதுவும் பாடுது, இதுவும் பாடுது, காதுக்குத் தெரியுமாடா ரசீது?” என்பான். நான் பொறுத்தேன். இரண்டு வருடம் பொறுத்தேன், அதையும் அவ்வப்போது சொல்லிக் காட்டினேன். ஒருநாள் அவன் மாமனார் வந்திருந்தார், பொன்னேரிப்பட்டியிலிருந்து, மாப்பிள்ளையின் தொழிலைப் பார்க்க, கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு. அவர் சட்டத்தைக் காட்டி இது என்னங்க என்று கேட்டார். நான் விளக்கினேன். நிறுத்தியிருக்கலாம். விளக்கம் என்பது எனக்கு வழுக்குப் பாறை. உரிமம் என்றால் என்ன, உரிமம் இல்லாதவனுக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பது வரை போய், அந்தப் பெயரைச் சொன்னேன். திருடன். சொல்லும்போது கை அவன் கணினிப் பக்கம் போனது. மாமனார் வாயில் போட்ட முறுக்கைக் கடிக்காமல் வைத்திருந்தார். அங்கமுத்து, “சரி மூர்த்தி” என்றான். மறுநாள் வந்து மைக் ஸ்டாண்டையும் கணினியையும் எடுத்துக்கொண்டான். அட்டைகளை எடுக்கவில்லை. போகும்முன் சுவரைப் பார்த்து, செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஆஞ்சநேயரைக் கும்பிடுகிறான், மனம் கலங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கவும் வாய் திறந்தேன். அதற்குள் திரும்பிப் போய்விட்டான். அறுபத்தெட்டு.

கோகிலா டீ கொண்டுவந்து வைக்கிறாள். மூன்றாவது டீ. நான் கேட்கவில்லை. “என்னங்க, அந்தப் பட்டையவே மொறச்சுப் பாக்கறீங்க? பொண்ணு பாக்கப் போனப்பக்கூட என்னைய இப்பிடிப் பாக்கல.” இலவசமாக்கிவிட்டார்கள் என்று சொல்கிறேன். “நல்லதுதானுங்களே.” நாம் பணம் கொடுத்தோம் என்கிறேன். “கொடுத்தோம், ஒம்பது வருசம் ஓட்டினீங்க. நாளைக்கிப் பால்காரர் சும்மா ஊத்துனாருன்னா நேத்துக் குடிச்சதக் கக்குவீங்களா?” பதில் இருக்கிறது. பால் தீர்ந்துபோகிற பண்டம், மென்பொருள் அப்படியல்ல, பொருளாதாரத்தில் இதற்கு இரண்டு தனித் தனிப் பெயர்கள் உண்டு என்று தொடங்கும் முன் அவள் தம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, என்னைப் பார்க்காமல், “அங்கமுத்தண்ணன் ஒண்ணும் சொல்லலீங்களா?” என்கிறாள். இல்லை என்கிறேன். “அன்னைக்கு நீங்க அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது” என்கிறாள். ஏழு வருடத்தில் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. கீழே போகிறாள். அட்டைகள் இருந்தும் அவள் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியிலும் கேட்கிறது. இலவசப் பொருளை எடுத்துக்கொள்கிறவன் திருடன் ஆகமாட்டான், அது சரி. ஆனால் இன்று இலவசமானதால் நேற்றைய திருட்டு இல்லாமல் போகுமா. போகாது. போகாது என்றால் நான் சொன்னது சரி. நான் சொன்னது சரி என்றால் ஏன் அவன் செய்தியைக் காலையிலிருந்து திறந்து திறந்து பார்க்கிறேன். அவனுக்கு எழுதிவிடலாம்: நீ பழைய அங்கமுத்துதான். அசட்டுத்தனம். நீ இப்போது பயனர். விஷமம். தவறாகப் பேசிவிட்டேன். எழுத்துகள் இவ்வளவுதான், அழுத்த வேண்டிய பொத்தான் ஒன்றுதான், ஆனால் உரிமத்துக்காகத்தான் அவனை விட்டேன், அதுவும் தப்பு என்றால் ஏழு வருடமாக எதிரில் காலியாகக் கிடக்கிற அந்த ஸ்டூலுக்கு என்ன சொல்வது. தொண்ணூறு. தொண்ணூற்றாறு. நூறு.

நீலப் படம் வரவில்லை. வெள்ளைத் திரை, நடுவில் ஒரு கையசைக்கும் பொம்மை. வணக்கம், பயனரே. அவ்வளவு. கீழே, பக்கத்தில், பட்டியலில், உதவி என்ற இடத்தில், எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். பயனரே. சரி, வேலையைப் பார்ப்போம். சென்னியப்பனின் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு இன்று மாலை திறப்பு விழா. நாற்பது விநாடி விளம்பரம். கீழே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்து நின்று பத்து நிமிடமாகிறது, ஓட்டுநர் பீடி பிடிக்கும் வாசனை மேலே வருகிறது. குரல் மோகனூர் தனபாக்கியம் டீச்சருடையது, நேற்றுப் பதிந்தது, இன்று அவர் கரூரில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார். பின்னணி இசை சேர்த்து முடித்துவிட்டேன். ஒலியளவைச் சரிபார்த்து வெளியே எடுக்க வேண்டியதுதான் பாக்கி. கோப்பை அழுத்துகிறேன். இந்தக் கோப்பைத் திறக்க இயலவில்லை. மறுபடி அழுத்துகிறேன். மெதுவாக அழுத்துகிறேன், ஏதோ மெதுவாக அழுத்தினால் தெரியாது என்பதுபோல. இயலவில்லை. பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றுகிறேன். சுவரிலுள்ள பத்திரத்தைப் பார்த்து அந்த இருபத்து நான்கு எழுத்துகளை அடிக்கிறேன், பார்க்காமலே தெரியும், இருந்தாலும் பார்த்து. உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை. சரிபார்க்கிற அலுவலகமே மூடிவிட்டதாம், அமெரிக்காவிலோ எங்கேயோ. சேவுகனைக் கேட்கலாமா, ஜெரால்டைக் கேட்கலாமா. ஐம்பத்தெட்டுக் கைதட்டல்கள் நினைவுக்கு வருகின்றன. போன் அடிக்கிறது. சென்னியப்பன். “சார், ஒரு சின்ன சேதிங்க. அஞ்சு மணின்னு போட்டிருக்கோமில்லீங்களா? எங்கம்மா காலண்டரப் பாத்துட்டுக் குதிக்கறாங்க. ஞாயித்துக்கிழமை நாலரை டு ஆறு ராகு காலமுங்க. பையன் பெங்களூர்ல படிச்சவன், அவன் குறிச்ச நேரம். நாலு மணின்னு மாத்திருங்க. அந்த ஒரு எடம் மட்டுந்தானுங்க.” ஒரு இடம் மட்டும்தானுங்க. டீச்சர் போனை எடுக்கவில்லை. கரூரில் மேளம் அடித்துக்கொண்டிருக்கும். இந்த ஊரில் அந்தப் பழைய பதிப்பு இன்னும் எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். திருட்டுப் பிரதிக்குப் புதுப்பிப்பு வராது. இணையத்தில் சேர்த்தால் மாட்டிக்கொள்ளும், அதனால் சேர்க்கமாட்டார்கள். அங்கமுத்து செய்கிற விளம்பரங்கள் ஆட்டோவில் போகும்போதெல்லாம் நான் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்பேன், குறை கண்டுபிடிக்க. வார்த்தைகளின் வாலில் பழைய பதிப்பு மட்டுமே போடுகிற அதே எதிரொலி, போன வாரம்கூட. பென் டிரைவில் கோப்பை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். “எங்கீங்க?” என்றாள் கோகிலா. “பஸ் ஸ்டாண்டுப் பக்கம்” என்றேன். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

ஆட்டோவிலேயே போனேன், ஒலிபெருக்கிக்கு அடியில். நடந்தால் திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்வது. முதலில் மன்னிப்பா, முதலில் பென் டிரைவா. பென் டிரைவை முதலில் நீட்டினால் காரியத்துக்காக வந்தவன். மன்னிப்பை முதலில் சொன்னால் காரியத்துக்காக மன்னிப்புக் கேட்பவன், அது இன்னும் கேவலம். செல்போன் கடைக்கு மேலே மாடியில் அவன் ஸ்டுடியோ, குறுகலான படி. சுவரில் அட்டை எதுவும் இல்லை, கனமான போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தான். அட்டையைவிட அது எவ்வளவோ மேல், நான் அப்போதே சொன்னேன், அவன்தான் கேட்கவில்லை. அங்கமுத்துவின் தலையில் நரை. பார்த்தான். “வாங்க உரிமையாளரே” என்றான். ங்க போட்டது வலித்தது. “கோப்பு தொறக்கல” என்றேன். ஒன்பது படிகளில் தயார் செய்ததெல்லாம் போய் அதுதான் வந்தது. “வேலைக்கு நடுவுல புதுப்பிச்சுட்டியா?” என்றான். ஆமாம் என்றேன். அவன் அதற்குச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பென் டிரைவை வாங்கிக்கொண்டான், உட்கார் என்று ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினான், மென்பொருளைத் திறந்தான். நீலப் படம் வந்தது. காலையில் இழந்த அதே நீலம். அதன் அடியில் பொடி எழுத்து. இந்தப் பிரதி திருமூர்த்திக்கு உரியது. ஒன்று, இரண்டு, மூன்று. மறைந்துவிட்டது. “மறுபடி தொற” என்றேன். மூடித் திறந்தான். என் பெயர். “எப்படி?” என்றேன். “எப்படின்னா? தேக்குச் சட்டம் போட்டு ஊருக்கே தெரியற மாதிரி பேரையும் நம்பரையும் மாட்டி வெச்சவன் நீ. போறப்ப ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன், என் திருட்டுப் பிரதியில அதையே அடிச்சுட்டேன். நீதான் அன்னிக்குத் திருடன்னுட்டயே, வெறுங்கையோட போனா உன் வாக்கு பொய்யாயிரும்ல?” நான் அந்தச் சொல்லைச் சொன்ன நாளில் அவன் என்னிடமிருந்து எதையும் எடுத்திருக்கவில்லை. சொன்ன மறுநாள்தான் எடுத்தான். ஏழு வருடமாகத் தினமும் காலையில் மூன்று விநாடி, என்னைத் திட்டுவதற்கோ வேறு எதற்கோ, அவன் என் பெயரைப் பார்த்திருக்கிறான். நானோ அவன் பெயரைப் பார்க்காமலிருக்க போனிலிருந்தே அழித்திருந்தேன். காலையில் வெறும் எண்ணாகத்தான் வந்தான், எண் மனப்பாடமாக இருந்தது. கோப்பு திறந்தது. டீச்சரின் குரல் கணீரென்று வந்தது, அனைவரும் வருக வருக. கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சென்னியப்பன் மூன்றாவது தடவையாகப் போனில் துடித்தார். அஞ்சு மணியை நாலு மணியாக மாற்ற வேண்டும், டீச்சர் ஊரில் இல்லை என்றேன். “நாலு மணிக்கு, இதுதான? நீயே சொல்லு, எனக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்று மைக்கை என் பக்கம் திருப்பிப் பதிவுக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தினான். அழுத்திவிட்டு, “கேட்டதுக்குப் பதில் வரலயே மூர்த்தி. இப்ப நான் யாரு?” என்றான். தவறாகப் பேசிவிட்டேன் என்பது நாக்கு வரை வந்தது. வந்த வழியிலேயே வேறொன்றாக மாறியது. “திருமூர்த்தி” என்றேன். “அதுதான் போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?” அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மைக்கைப் பார்த்து, நாலு மணிக்கு, என்றேன். இன்னொரு தடவை எடுக்க நேரமில்லை.

மாலை வரை அந்த விளம்பரம் மோகனூர் சாலையிலும் பரமத்தி சாலையிலும் ஓடியது. எல்லாம் தனபாக்கியம் டீச்சரின் குரல். நாலு மணிக்கு என்ற இடத்தில் மட்டும் ஆண் குரல் ஒன்று வரும். அதன் பின்னால் இன்னொருவன் அடக்க முடியாமல் சிரிப்பது கேட்கும்.